கல் முற்றமும் புல் முற்றமாகும்

"எங்கள் முற்றம் வெறும் கல், இதில் புல்லுக்கூட முளைக்காது" என்று மலையகத்து வீடுகளில் சொல்லப்படுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையில், மகாவலியை அண்டியுள்ள கெலிஓயாவின் மேட்டுக் குடியிருப்புகளிலும் இதே பேச்சுத்தான். வாசற்படியைத் தாண்டினால் கூரிய கல், அதன் நடுவே இறுகிய செம்மண், மழை வந்தால் சேறு, வெயில் வந்தால் புழுதி. அத்திவாரத்தின் அடிக்கல் ஒரு முழம் வெளியே தெரியும். பிள்ளைகள் விழுந்தால் முழங்காலில் காயம்.

ஆனால் இதே சரிவில், சில யார் தூரத்தில் உள்ள பழைய வீட்டுத் தோட்டங்களைப் பாருங்கள். பலா, கமுகு, மிளகு, கோப்பி, வாழை என்று அடுக்கடுக்காக நிற்கின்றன. அவற்றின் கீழே இலைச்சருகு மூடிய, காலால் அழுத்தினால் அமுங்கும் மண் உண்டு. பாறையும் மழையும் ஒன்றே. சரிவும் ஏறத்தாழ ஒன்றே. அப்படியானால் எமது முற்றம் இயற்கையிலேயே கல்லாக இருந்ததா, அல்லது கல்லாக்கப்பட்டதா? இக்கேள்விக்கு விடை கண்டால் பரிகாரமும் தெரிந்துவிடும்.

முற்றம் எவ்வாறு கல்லாகிறது?

பெரிய மழைத்துளி ஒன்று செக்கனுக்கு 9 மீற்றர் வரையான வேகத்தில் நிலத்தில் மோதுகிறது. மூடாத நிலத்தில் அத்துளி மண்ணைச் சிதறடிக்கிறது. சிதறிய நுண்மண் நிலத்தின் துவாரங்களை அடைப்பதால், பின்னால் வரும் நீர் உள்ளே இறங்க வழியின்றி மேலால் ஓடுகிறது. ஓடும்போது மண்ணையும் எடுத்துச் செல்கிறது. கல் பாரமானது, ஆகவே அது தங்கிவிடுகிறது. ஆண்டுதோறும் மண் போய்க் கல் தங்குவதால், கல் வளர்ந்து மேலே வருவதுபோல் எமக்குத் தோன்றுகிறது. உண்மையில் கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது; நிலம்தான் தாழ்ந்துவிட்டது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 2015 ஆம் ஆண்டுக்குப் பிந்திய தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்ற அளவு வழக்கமாயிற்று. அது சுமார் 177 சதுர மீற்றர். 550 சதுர அடி வீட்டுக்குச் சுமார் 51 சதுர மீற்றர் போக, மீதி 126 சதுர மீற்றர் திறந்த நிலம். இந்த நிலத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் மண் மட்டும் கழுவப்பட்டால் அதன் எடை ஏறத்தாழ 150 கிலோ, அதாவது மூன்று சீமெந்து மூடை. ஒரு மில்லிமீற்றர் என்பது பத்துச் சத நாணயத்தின் கனம் கூட இல்லாத அளவு, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மூன்று மூடை மண்ணை ஒருவர் திருடிச் சென்றால் நாம் சும்மா இருப்போமா?

தண்ணீரின் கணக்கும் இவ்வாறே. ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்த 7 பேர்ச்சில் விழும் நீர் 17,700 லீற்றர். அதில் 5,100 லீற்றர் கூரையில் விழுந்து, தகட்டின் ஓரமாக இரண்டே கோடுகளில் முற்றத்தில் கொட்டுகிறது. 200 லீற்றர் பீப்பாயில் அளந்தால் 25 பீப்பாய்! அத்திவாரம் வெளியே தெரிவதற்கு முதற்காரணம் இதுவே.

விளக்குமாறு என்ற கேள்வி

மழை செய்யும் இவ்வேலைக்கு நாமும் தினமும் துணை செய்கிறோம். விடியுமுன் எழுந்து முற்றத்தைக் கூட்டுவது எமது குடும்பங்களில் ஒழுக்கத்தின் அடையாளம். புல் தலைகாட்டினால் மண்வெட்டியால் செதுக்கிவிடுவதும் அவ்வாறே. கூட்டாத முற்றத்தை அயலார் ஏளனமாகப் பேசுவர்; அப்பேச்சு வீட்டுப் பெண்கள் மீதே விழும்.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? எமது முன்னோர் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். அங்கே நிலம் பெரும்பாலும் சமதரை. தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரியாக 900 மில்லிமீற்றரை ஒட்டியது. சமதரையில் சாணம் தெளித்து மெழுகிய முற்றம் இறுகி நிற்கும். கூட்டினால் தூசி போகும், மண் போகாது. பாம்பு, பூச்சி தெரியவும், தானியம் காயப்போடவும், கோலம் போடவும் அது ஏற்றது. அவ்வழக்கம் அந்நிலத்துக்குரிய அறிவு.

கண்டிப் பகுதியில் மழை அதைவிட ஏறத்தாழ இரு மடங்கு; நிலமோ சரிவு. சமதரைக்கான வழக்கத்தைச் சரிவுக்குக் கொண்டுவந்தபோது, அதே விளக்குமாறு ஒவ்வொரு நாளும் சிறு சருகையும் நுண்மண்ணையும் விதையையும் சேர்த்துப் பள்ளத்தில் தள்ளுகிறது. இதில் எவரையும் குறைகூற இடமில்லை. நிலம் மாறிவிட்டது, வழக்கம் அதற்கேற்ப இன்னும் மாறவில்லை, அவ்வளவே.

தோட்டங்களிலும் இதே வரலாறு உண்டு. கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும் ஒரு புல்லும் இல்லாதபடி செதுக்குவதே நல்ல பராமரிப்பு எனக் கருதப்பட்டது. அதனால் மலைகளின் மேல்மண் ஆற்றோடு போயிற்று. 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று பழைய தேயிலையைப் பிடுங்கி மீள்நடுகை செய்யுமுன், மானாப்புல் அல்லது குவாத்தமாலாப் புல்லை 18 மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும் என்பது தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் விதி. அந்தப் புல்லை நட்ட கைகள் எமது மக்களின் கைகளே. தேயிலைக்குப் புல் மருந்தாகுமென்றால், அதை நட்டவரின் வீட்டு வாசலுக்கு ஏன் ஆகாது?

கோலமிடும் இடத்தைக் கைவிடச் சொல்லவில்லை. வாசற்படிக்கு முன்னால் ஆறடிக்கு ஆறடி இடத்தை மெழுகிக் கூட்டி வைத்துக்கொள்ளலாம். எஞ்சிய நிலம் மூடப்படட்டும். பெண்களுக்குக் காலை வேலையிலும் ஒரு பகுதி குறையும்.

முதலில் நீர், பிறகு மண், அதன்பின் புல்

பலர் புல்லை வாங்கி வந்து கல்மீது வைத்துவிட்டு, இரண்டு மாதத்தில் காய்ந்ததும் "சொன்னோமே" என்கிறார்கள். ஒழுங்கு தலைகீழாக இருப்பதே காரணம். நாம் பரிந்துரைக்கும் ஒழுங்கு இது.

1. மழை பெய்யும்போது குடையோடு வெளியே வந்து, நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது, எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். மேல்வீட்டு நீர் உங்கள் முற்றத்தில் இறங்குமாயின், முற்றத்தின் மேலோரத்தில் ஒரு கான் வெட்டி அதைப் பக்கவாட்டில் பொதுக் கானுக்குத் திருப்புங்கள். அயல்வீட்டுச் சுவரை நோக்கித் திருப்பாதீர்கள். பேசித் தீர்த்து ஒன்றாக வெட்டுவதே நல்லது.

2. கூரை நீர் விழும் கோட்டில் ஓரடி அகலத்துக்குச் சிறுகல்லைப் பரப்புங்கள். முற்றத்தில் பொறுக்கிய கல்லுக்கு இது முதலாவது உபயோகம். துளி கல்லில் உடைந்து, வேகம் குறைந்து இறங்கும்.

3. ஓர் அலவாங்கை எடுத்து, மூன்றடிக்கு ஒரு தடவை குத்திப் பாருங்கள். நான்கு விரற்கடை மண் இருந்தால் புல் பிடிக்கும். அதற்குக் குறைவாயின் மண் சேர்க்க வேண்டும். அலவாங்கு உடனே கணீரென்று நின்றால் அது தாய்ப்பாறை. அதை உடைக்க முயலாமல் விட்டுவிடுங்கள். பாறையின் ஓரத்து வெடிப்பில் ஒரு பிடி மண்ணோடு செடியை வைத்தால், பாறையில் வழியும் நீரே அதற்குப் போதும்.

4. சரிவுக்குக் குறுக்காக, சமமட்டக் கோட்டில் கற்களை வரிசையாக அடுக்குங்கள். ஓரடி உயரம் போதும். சாந்து வேண்டாம், கல்லிடுக்கால் நீர் வடிய வேண்டும். மட்டம் பார்க்க மூன்று தடிகளால் 'ஏ' எழுத்து வடிவில் ஒரு சட்டம் கட்டி, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிடுங்கள். சட்டத்தை ஓரிடத்தில் நிறுத்திக் கயிறு படும் இடத்தைக் குறுக்குத் தடியில் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி நிறுத்தி மறுபடி குறியுங்கள். இரு குறிகளுக்கும் நடுப்புள்ளியே மட்டம். கயிறு நடுப்புள்ளியில் நிற்கும்போது இரு கால்களும் ஒரே மட்டத்தில் உள்ளன. பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோவில், பாப்டிஸ்ட் கிராமிய வாழ்வு நிலையம் 1970களில் சரிவு நில விவசாய முறையை உருவாக்கிப் பரப்பியபோது ஏழை விவசாயிகள் கையாண்ட கருவியும் இதுவே. விலை எதுவும் இல்லை.

5. கல்வரிசையின் மேற்பக்கத்தில் மண் நிரப்புங்கள். மண்ணுக்கு எங்கே போவது? வீட்டின் கீழேயுள்ள கானைப் பாருங்கள். அங்கே படிந்திருக்கும் வண்டல் உங்கள் முற்றத்திலிருந்து போன மண்தான். அதை அள்ளி மேலே கொண்டுவாருங்கள். இரண்டு தாச்சி வண்டலுக்கு ஒரு தாச்சி மக்கிய சாணம் அல்லது கூட்டெரு சேர்த்துக் கலக்குங்கள். காட்டுச் சரிவையோ, வீட்டின் பின்புற மண்மேட்டையோ வெட்டி மண் எடுக்க வேண்டாம். பின்மேட்டின் அடியை வெட்டுவது மண்சரிவுக்கு அழைப்பு விடுப்பதாகும்.

எந்த இடத்துக்கு எந்தச் செடி?

முற்றம் முழுவதற்கும் ஒரே புல் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. வெயில், நிழல், கால்மிதி என்ற மூன்றையும் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும்.

நல்ல வெயில் படும், பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்துக்கு அறுகம்புல். அது தரைக்கு மேலும் கீழும் தண்டோடி வேர்விடும், மிதித்தாலும் சாகாது. வீதியோரத்தில் இலவசமாகக் கிடைக்கும். நிழலை மட்டும் அது தாங்காது.

பலா, மா நிழலுக்கு அகன்ற இலைப்புல் உகந்தது. நாற்று மேடைகளில் 'மலேசியப் புல்' என்று விற்கிறார்கள். அதன் பூர்வீகம் அமெரிக்க வெப்ப நாடுகள். விலை கொடுத்து வாங்காமல், ஈரமான வீதியோரங்களில் தானாக முளைத்திருப்பதையே பெயர்த்து வந்து நடலாம்.

கால் மிதி படாத மண்மேட்டுக்கும் கல்வரிசைக்கும், சிறு மஞ்சள் பூப் பூக்கும் கச்சான் இனக் கொடி ஒன்று உண்டு. 'பின்டோய்' என்பது அதன் பெயர். 1954 இல் பிரேசிலில் முதன்முதலாகச் சேகரிக்கப்பட்ட இது, இன்று எமது நாட்டின் வீதியோரப் பாத்திகளில் பரவலாகக் காணப்படுகிறது. கச்சானைப் போலவே வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். ஓரளவு நிழலையும் தாங்கும். ஒரு சாண் தண்டை வெட்டி ஊன்றினால் போதும்.

ஈரமான நிழலிடத்துக்கு வல்லாரை. நிலத்தையும் மூடும், சம்பலுக்கும் ஆகும். ஆனால் சவர்க்கார நீரோ மலசலகூடக் கசிவோ வரும் இடத்து வல்லாரையை உண்ணக் கூடாது.

சிறுபுள்ளடி போன்ற பூண்டுகள் தாமாகவே வரும். அவையும் நைதரசனைச் சேர்ப்பவை, பிடுங்க வேண்டாம். தொட்டாற்சுருங்கியை மட்டும் வேரோடு பிடுங்குங்கள், பிள்ளைகளின் பாதத்துக்கு அதன் முள் ஆகாது.

முற்றம் முடிந்து பள்ளம் தொடங்கும் விளிம்பில் வெட்டிவேர். அரை அடிக்கு ஒன்றாக நெருக்கி ஒரே வரிசையில் நட்டால், ஓரிரு ஆண்டுகளில் வேலியாகும். அதன் வேர் பக்கத்தில் பரவாமல் நேர்கீழாக மூன்று மீற்றர் வரை இறங்கும். நீர் இவ்வேலியில் வடிந்து போகும், மண் பின்னால் தங்கும். 1950களில் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் ஜோன் கிறீன்பீல்ட் இதை மண்ணரிப்புக்கு எதிராகப் பயன்படுத்தினார். 1980களில் உலக வங்கி இந்தியாவிலிருந்து இம்முறையைப் பல நாடுகளுக்கும் பரப்பியது. எமது பாட்டிமார் நீர்ப்பானையில் வாசனைக்குப் போட்ட அதே வேர்தான்.

ஒரு செடியை மட்டும் தவிர்க்கும்படி வேண்டுகிறோம். பளபளப்பான இலையும் மஞ்சள் பூவுமாக விரைவில் படரும் வெடேலியா பார்க்க அழகானது. ஆனால் உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் உண்டு. உங்கள் வேலியைத் தாண்டி ஓடைக்கரைக்குப் போனால் பின்னர் எவராலும் அதைத் தடுக்க முடியாது.

நடுகையும் முதல் இரண்டு மாதமும்

மார்ச் இறுதி, ஏப்ரலில் வரும் மாலை மழையோ, செப்டெம்பர் இறுதி, ஒக்டோபரின் தொடக்க மழையோ நடுகைக்கு ஏற்ற காலம். அடைமழையில் நட்டால் செடியும் மண்ணும் சேர்ந்தே போகும். மூன்று, நான்கு கணுவுள்ள புல் தண்டுகளை அரை அடிக்கு ஒன்றாக, சரிவுக்குக் குறுக்கான சிறு சால்களில் படுக்கவைத்து, இரண்டு கணு மண்ணுள் இருக்கும்படி மூடிக் காலால் அழுத்துங்கள். மேலே மெல்லியதாக வைக்கோலோ காய்ந்த மானாப்புல்லோ பரப்புங்கள். துளியின் அடி அதில் படும், ஈரமும் காக்கப்படும்.

கல் நிலத்தில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. நண்பகலில் கல் சூடேறிப் பக்கத்து மண்ணை விரைவில் காயவைக்கும். ஆகவே மழையில்லாத நாட்களில் மாலையில் நீர் விடுங்கள். பாத்திரம், அரிசி கழுவிய நீர் போதும்.

முதல் இரண்டு மாதத்துக்குக் காலும் விளக்குமாறும் படக்கூடாது. ஆட்டையும் கோழியையும் முட்கிளை வைத்துத் தடுங்கள். நடப்பதற்கு, பொறுக்கிய தட்டைக் கற்களை ஓரெட்டுக்கு ஒன்றாகப் பதித்துவிட்டால் எல்லோரும் அதன் வழியே நடப்பார்கள். இது கல்லின் மூன்றாவது உபயோகம்.

எங்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். மேலிருந்து கீழாக, ஒரு மழைக்காலத்துக்கு ஒரு கல்வரிசை என்று செய்தால் இரண்டு ஆண்டுகளில் ஒரு சிறிய முற்றம் முழுவதும் மூடப்படும். கூலி கொடுக்க வேண்டியதில்லை. நான்கு வீட்டார் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் முறை வைத்துச் செய்யலாம். மாதர் சங்கங்கள் ஒரு மூலையில் வெட்டிவேர், பின்டோய் நாற்றுமேடை போட்டால் எல்லா வீட்டுக்கும் கன்று கிடைக்கும். மேலதிக ஆலோசனைக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள். விவசாயத் திணைக்களத்தின் தலைமையகமே எமக்கு அருகில் பேராதனையில் இருக்கிறது.

பாம்பு வராதா என்று கேட்பீர்கள். ஓங்கி வளர்ந்த புல்லிலும் குவித்த கல்லிலும் பாம்பு தங்கும். இரண்டு, மூன்று அங்குலத்தில் வெட்டி வைத்த புல்லில் தங்காது. மாதம் இரு தடவை வெட்டுங்கள். இரண்டு அங்குலத்துக்குக் கீழே வெட்டினால் வேர் பலவீனமாகும். வெட்டிய புல் ஆட்டுக்கு ஆகும். வீட்டுச் சுவரைச் சுற்றி ஓரடிக்குச் சிறுகல் பட்டியை விட்டால், பூச்சி சுவரேறுமுன் கண்ணில் படும்.

புல்லால் ஆகாதது

இதையும் தெளிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. புல் மேல்மண்ணை மட்டுமே காக்கும், மலையைக் காக்காது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மூடிய மண்சரிவையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நேர்ந்த மண்சரிவுகளையும் எந்தப் புல்லும் தடுத்திருக்காது. அவை ஆழத்திலிருந்து பெயர்ந்தவை.

நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரம் அல்லது கம்பம், புதிதாகத் தோன்றும் ஊற்று, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் ஆகியவற்றைக் கண்டால் புல் நடுவதைப் பற்றி யோசிக்க வேண்டாம். குடும்பத்தோடு வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அறிவியுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தானது என அடையாளமிட்ட இடத்தில் வாழ்வோர் கேட்க வேண்டியது பாதுகாப்பான மாற்றுக் காணியையே. முற்றத்தைப் பசுமையாக்கியதைக் காட்டி அக்கோரிக்கையைத் தள்ளிப்போட எவருக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

காணி உறுதி இல்லாத லயன் வாசலில் எதற்காக உழைக்க வேண்டும் என்று சிலர் கேட்பதும் நியாயமே. நாளை யாருடையதோ என்ற நிலத்தில் எவரும் மரம் வைக்கத் தயங்குவர். காணி உரிமைக்கான குரல் ஓயக் கூடாது. ஆனால் மழை உறுதிப் பத்திரம் பார்த்துப் பெய்வதில்லை. உரிமை வரும் நாளில் கையில் கிடைப்பது வெறும் பாறையாக இருந்தால் அந்தப் பத்திரத்தின் பயன் பாதியாகிவிடும். ஒரு விரற்கடை மண் உருவாக நூற்றாண்டுகள் செல்லும். அது போவதற்குச் சில மழைக்காலங்கள் போதும்.

அடுத்த மழைக்கு இன்னும் சில வாரங்களே உண்டு. இந்த வாரம் அலவாங்கை எடுத்து முற்றத்தைக் குத்திப் பாருங்கள். அடுத்த வாரம் ஒரு கல்வரிசை அடுக்குங்கள். அதற்கடுத்த வாரம் கானிலுள்ள மண்ணை மேலே கொண்டுவாருங்கள். முதல் மழை நின்ற மாலையில் அறுகை ஊன்றலாம்.